மாமையும் மையும்

நிழற்படம் அச்சிடுவது முன்னாளில் நகரத்திற்குச் சென்று செய்யும் காரியமாக இருந்தது. சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே இருப்புப்பாதை ஓரமாகக் கிடக்கும் லாபு வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள், திருமணப் படத்திற்கும் குழந்தையின் முதலாண்டுப் படத்திற்கும் சிரம்பானுக்குப் பேருந்தேறினார்கள். படம் கைக்கு வரும் வரையில் நாள்களை எண்ணிக் காத்திருந்தார்கள். இன்றோ பால்மரங்கள் பெரும்பாலும் அழிந்து செம்பனை நிற்கின்றது. லயத்து வீடுகளை விட்டு வெளியேறியவர்களின் பிள்ளைகள் குடியிருக்கும் வீடமைப்புப் பகுதிகளில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஓர் அச்சுப்பொறி அமர்ந்திருக்கின்றது. கைப்பேசியில் எடுத்த படத்தை ஐந்து நிமிடத்தில் தாளில் இறக்கிவிடலாம். இறக்கிய பின்னரே தொல்லை தொடங்குகின்றது. திரையில் கண்ட பாட்டி வேறு. தாளில் வந்த பாட்டி வேறு. ஒரு தாளில் முகம் செங்கல் நிறமாக இருக்கும். மறுதாளில் சாம்பல் பூத்துக் கிடக்கும். பிறிதொன்றில் பாசி படர்ந்தாற்போல் பச்சை கலந்து தோன்றும்.

மை சரியில்லை என்பார் ஒருவர். தாள் சரியில்லை என்பார் இன்னொருவர். “நாம் கறுப்பு, அதனால்தான் படம் சரியாக விழவில்லை” என்பார் மூன்றாமவர். இந்த மூன்றாம் கூற்றை ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயிலிருந்தும் நான் கேட்டிருக்கின்றேன். மாணவர் படங்களை அச்சிட்டு வகுப்பில் கொடுத்த நாளில், தன் படத்தைத் திருப்பித் தந்துவிட்டு அப்பிள்ளை அதைச் சொல்லிற்று. அது பொய். ஆயினும் வேரில்லாத பொய் அன்று. அதன் வேர் ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் ஆழமுடையது. வீட்டு அச்சுப்பொறியின் நிறக் கோளாற்றைத் தீர்க்க விரும்புவோர் பொறியைத் திறக்கும் முன் அவ்வரலாற்றையும் சிறிது திறந்து பார்த்தல் நலம்.

பழந்தமிழ் நூல்களைப் பயின்றோர் ‘மாமை’ என்னும் சொல்லை அறிவர். மாந்தளிரின் நிறத்தை ஒத்த, ஒளி பொருந்திய கருமேனி அழகு அது. தலைவன் பிரிந்தவிடத்து அம்மாமை கெட்டுப் பசலை படரும் என்று சங்கப் புலவர் மீண்டும் மீண்டும் பாடினர். பசலையாவது வெளிறிய நிறம், துன்பத்தின் நிறம். வள்ளுவரும் அதற்கெனப் பசப்புறு பருவரல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கருமை குன்றி வெளிறுவதைக் கேடு என்று கருதிய மொழி நம் மொழி. இன்றும் பேச்சு வழக்கில் ‘மாநிறம்’ என்கின்றோம். இச்சொற்களை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

உலகின் முதல் வண்ணப்படம் என்று நூல்கள் குறிப்பது, 1861ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் இலண்டன் இராயல் நிறுவனத்தில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் திரையில் காட்டிய படமாகும். கட்டம் போட்ட ஒரு பட்டு நாடாவை, தாமஸ் சட்டன் என்பார் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகளின் ஊடாகத் தனித்தனியே படமெடுத்திருந்தார். மூன்று விளக்குகளால் அம்மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தியபோது வண்ணம் தோன்றிற்று. இதில் ஒரு விந்தை உண்டு. அக்காலத்துத் தகடுகளுக்குச் சிவப்பு ஒளியே புலனாகாது! அவ்வாறாயின் சிவப்பு எங்ஙனம் வந்தது? சரியாக நூறாண்டு கழித்து, 1961இல், கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ரால்ஃப் எவன்ஸ் ஆராய்ந்து விடை கூறினார். நாடாவின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் வீசியது. சிவப்பு வடிகட்டி அதனைத் தடுக்கவில்லை. தகடு பதிந்துகொண்டது அந்த ஒளியைத்தான். எனவே முதல் வண்ணப்படத்தின் சிவப்பு, சிவப்பே அன்று. நிழற்பட நிறம் பிறக்கும்போதே ஒரு தற்செயலோடு பிறந்தது.

கறுப்பு வெள்ளைப் படத்திற்கும் இக்குறை இருந்தது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தொடக்கக் காலத்துத் தகடுகள் நீலத்தை மட்டுமே நன்கு உணர்ந்தன. 1873இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்னும் அறிஞர், சாயம் கலந்தால் தகடு பச்சையையும் உணரும் என்று கண்டார். சிவப்பையும் உணரும் தகடு 1906இல்தான் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. பரவலாக மேலும் பல ஆண்டுகள் ஆயின. இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். சிவப்பை உணராத தகட்டில் குங்குமம் கரும்பொட்டாகும். கூறைப் புடவையின் அரக்குச் சிவப்பு கரியாகும். மாநிறத் தோல் வீசும் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் குறைவு. தகடு காணாத ஒளியே அம்முகத்தில் மிகுதியாக இருந்தமையால், முகம் உள்ளதினும் இருண்டு பதிந்தது. பழைய படங்களில் நம் முன்னோர் கரிபோல் தோன்றுவதில் ஒரு பகுதி அவர்தம் நிறம். ஒரு பகுதி தகட்டின் குருடு.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பற்றிய பட அஞ்சலட்டைகள் ஏராளமாக விற்றன. சிங்கப்பூரில் இருந்த லாம்பர்ட் நிறுவனம் போன்றவை தமிழரையும் பிறரையும் ‘இன வகை’களாக நிறுத்திப் படமெடுத்து விற்றன. அக்காலத்து வண்ண அஞ்சலட்டைகள் பலவும் ஐரோப்பாவில், சிறப்பாக ஜெர்மனியில், அச்சானவை. கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் அச்சகத்தில் வண்ணம் ஏற்றுவார்கள். நிறத்தை இட்டவர் ஆளைக் கண்டவர் அல்லர். அவர் மனத்தில் தமிழன் எந்நிறமோ அந்நிறமே அட்டையில் ஏறிற்று. உள்ளூர்ப் படப்பிடிப்பு நிலையங்களிலும் கைவண்ணம் தீட்டுவோர் இருந்தனர். அவர்கள் ஆளைக் கண்டவர்கள். ஆயினும் விருப்பம் என்று ஒன்று இருக்கிறதே! மணமகளின் கன்னத்தில் சிறிது ரோசா நிறம் கூட்டினால் வீட்டார் மகிழ்ந்தனர். நிலையத்து அறையில் கண்ணாடி, சீப்பு, அவற்றோடு ஒரு முகமாவு டப்பா. பசலையைப் பூசிக்கொண்டு படத்திற்கு அமர்ந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

தோட்டத்துப் பாட்டாளிகள் பலருக்கு முதன்முதலில் படம் வேண்டியிருந்தது மகிழ்ச்சியான காரணத்திற்காக அன்று. 1948இல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் மலாயாவில் பன்னிரண்டு வயதிற்கு மேற்பட்டோர் யாவரும் படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்றாயிற்று. பெரட்டுக்கு நிற்பதுபோல் வரிசையில் நின்று எடுத்துக்கொண்ட அச்சிறு படமே சில குடும்பங்களில் பாட்டனார்க்கு எஞ்சியுள்ள ஒரே உருவம். இன்று பேரப்பிள்ளைகள் அதனைப் பெரிதாக்கி அச்சிட விழையும்போது, பொறி கறுப்பு மையை மட்டும் கொள்ளாமல் வண்ண மைகளையும் கலந்து சாம்பல் நிறத்தை உண்டாக்க முயல்கின்றது. கலவை சிறிது பிசகினாலும் பாட்டனார் பச்சையாகவோ கத்தரி நிறமாகவோ வந்து நிற்பார். கறுப்பு வெள்ளைப் படத்தை அச்சிடுவோர், அமைப்பில் ‘கருமை மட்டும்’ அல்லது ‘சாம்பல் நிறம்’ என்னும் தேர்வு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். பாதித் தொல்லை அதனோடு ஒழியும்.

வண்ணச் சுருளின் வரலாற்றுக்கு வருவோம். 1935இல் கோடாக்ரோம் வந்தது. அதனைக் கண்டுபிடித்த லியோபோல்ட் மான்ஸ், லியோபோல்ட் கோடோவ்ஸ்கி இருவரும் இசைவாணர்கள் என்பது சுவையான செய்தி. 1942இல் தாளில் அச்சிடத் தக்க கோடாகலர் வந்தது. அமெரிக்காவில் அதுகாறும் சுருளின் விலையிலேயே கழுவி அச்சிடும் கூலியும் அடங்கியிருந்தது. சுருளை அந்நிறுவனத்திற்கே அனுப்ப வேண்டும். 1954இல் அரசு தொடுத்த வழக்கின் உடன்பாட்டால் அவ்வழக்கம் முடிந்தது. வேறு அச்சுக்கூடங்களும் வண்ணப்படம் கழுவலாயின. அப்பொழுது ஒரு வினா எழுந்தது. கூடத்துக்குக் கூடம் நிறம் வேறுபடாமல் காப்பது எங்ஙனம்? நிறுவனம் ஒரு மாதிரிச் சுருளையும், அதன் சரியான அச்சுப்படத்தையும் கூடங்களுக்கு அனுப்பிற்று. கூடத்தார் அம்மாதிரியை அச்சிட்டு, வந்த படத்தைத் தரப்பட்ட படத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாகும் வரை வடிகட்டிகளை மாற்றுவர். ஒன்றான பின்னர் ஊரார் படங்களையெல்லாம் அதே அமைப்பில் அச்சிடுவர்.

அம்மாதிரியில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் உருவம். முதலில் அமர்ந்தவர் அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஷெர்லி என்பவர். ஆதலின் பின்னர் வேறு பெண்கள் அமர்ந்தபோதும் ‘ஷெர்லி அட்டை’ என்ற பெயரே நிலைத்தது. தோலின் நிறத்திற்கு அளவுகோல் அவர் முகம். அம்முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கனடா நாட்டுப் பேராசிரியர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இவ்வரலாற்றை விரித்துரைக்கின்றது. அதில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி, பள்ளி வகுப்புப் படத்தைப் பற்றியது. கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்த படங்களில் வெள்ளை முகங்கள் தெளிவாகவும், கறுப்பு முகங்கள் கண்ணும் பல்லும் மட்டுமே தெரியுமாறும் வந்தன, தாய்மார் முறையிட்டனர். அம்முறையீட்டால் சுருள் மாறவில்லை. மர நிறங்கள் வேறுபாடு தெரியாமல் வருகின்றன என்று மேசை நாற்காலி செய்வோரும், இனிப்பின் வகைகள் பிரித்தறிய முடியவில்லை என்று சாக்லேட் செய்வோரும் குறை கூறிய பின்னரே பழுப்பு நிறங்களின்பால் ஆய்வாளர் கவனம் சென்றது என அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்களே ராத்திடம் கூறியுள்ளனர். பிள்ளை முகத்திற்குக் கேளாத செவி நாற்காலிக்குக் கேட்டது. 1980களிலும் 90களிலும் சுருள்கள் திருந்தின; பல நிறத்துப் பெண்கள் ஒன்றாக அமர்ந்த மாதிரி அட்டையும் 1990களில் வந்தது.

இதனை ஒரு சூழ்ச்சி என்று எழுதுவோர் உளர். நான் அவ்வாறு எழுதேன். தம்மிடம் வரும் வாடிக்கையாளருள் மிகுந்தவர் யாரோ அவர் முகத்தை அளவாகக் கொண்டார்கள். சுருளின் திறனும் அக்காலத்தில் குறைவு. வெண்சட்டையும் கருமுகமும் ஒரே படத்தில் அமைந்தால் இரண்டையும் ஒருங்கே தாங்காது. ஆனால் சூழ்ச்சி இல்லாமலும் தீங்கு விளையும். அவ்வளவுகோல் அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை; சுருளும் தாளும் மருந்தும் எங்கெங்குச் சென்றனவோ அங்கெல்லாம் கூடவே சென்றது. நம் ஊர்ப் படப்பிடிப்பாளருள் கைதேர்ந்தவர்கள் அதனோடு போராடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முகத்திற்கு விளக்கைக் கூட்டினார்கள். சட்டையின் வெண்மை கெட்டாலும் முகம் தெரியட்டும் என்று ஒளியைக் கூடுதலாக விட்டார்கள். அக்கலையை அவர்களுக்கு எந்த அட்டையும் கற்பிக்கவில்லை.

அப்படங்களுக்கு வந்த மற்றொரு கேட்டைத் தோட்டத்துப் பெட்டிகளைத் திறந்தவர் அறிவர். 1970களில் எடுத்த வண்ணப்படங்கள் இன்று ஒரே செந்நிறமாகக் கிடக்கின்றன. வண்ணத் தாளில் சயான் என்னும் பசுநீலம், மெஜந்தா என்னும் செங்கத்தரி நிறம், மஞ்சள் ஆகிய மூன்று சாயப் படலங்கள் உண்டு. அக்காலத் தாள்கள் பலவற்றில் இருட்டில் வைத்திருந்தாலும் சயான் சாயமே முதலில் அழியும். அழிந்தபின் எஞ்சுவது சிவப்பு. வெப்பமும் ஈரமும் அதனை விரைவாக்கும். தகரக் கூரைக்குக் கீழே அலமாரியில் இருந்த படத்தின் கதி வேறு எப்படி இருக்கும்? போதாக்குறைக்கு, அந்நாளில் நாகரிகமாகக் கருதப்பட்ட, பிசின் தடவிய பக்கமும் மேலே கண்ணாடித் தாளும் கொண்ட தொகுப்பேடுகள்! அப்பிசின் கோடு கோடாகப் பழுப்பேறிப் படத்தின் முதுகைத் தின்றது. இத்தகைய படத்தை வருடியில் வைத்து அச்சிட்டுவிட்டு, “அச்சுப்பொறி சிவப்பாக அடிக்கிறது” என்று பொறியைக் குறை கூறுதல் முறையன்று. பொறி உள்ளதை உள்ளவாறே தந்தது. கணினியில் இழந்த சயானைக் கூட்டிய பின்னரே அச்சிட வேண்டும். படத்தில் வெள்ளை வேட்டியோ சட்டையோ இருக்குமாயின் அதனை வெண்மையாக்கும் அளவே சரியான அளவு.

இனி, இக்காலப் பொறிக்கு வருவோம். அதற்குள்ளும் ஒரு வரலாறு ஒளிந்திருக்கின்றது. நிறத்தை எண்ணால் குறிக்கும் முறையை 1931இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் வகுத்தது. அதற்கு அடிப்படை, 1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட் பத்துப் பேரைக் கொண்டும், ஜான் கில்டு ஏழு பேரைக் கொண்டும் செய்த சோதனைகள். பதினேழு பேரின் கண்களே உலகத்தின் ‘பொதுக் கண்’ ஆயின. எண்ணிக்கை சிறிதாயினும் பிழை பெரிதன்று. தோல் நிறம் வேறானாலும் மனிதர் கண்கள் ஏறத்தாழ ஒன்றாகவே காண்கின்றன. அவ்வகையில் இவ்வடித்தளம் நேர்மையானது. 1993இல் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு தோன்றி, ஒவ்வொரு கருவியும் தன் நிறக்குணத்தைக் கூறும் ‘நிறக்குறிப்பு’ ஒன்றை உடன்கொண்டு செல்லும் முறையை ஏற்படுத்திற்று. 1996இல் ஹியூலட் பாக்கார்டும் மைக்ரோசாஃப்டும் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொதுநிறவெளியை முன்மொழிந்தன. அது 1999இல் பன்னாட்டுத் தரமாயிற்று. அதே 1990களில் மைதெளிப்புப் பொறிகள் வீட்டுக்கு வந்தன. 2010இல் இந்தோனேசியாவில் எப்சன் நிறுவனம் மைத்தொட்டிப் பொறியை முதன்முதலில் விற்கத் தொடங்கிய பின்னர், நம் வட்டாரத்தில் மையின் விலை பெரிதும் தணிந்தது. வீட்டில் படம் அச்சிடும் வழக்கம் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு நெறி உண்டு. பிள்ளை கணக்கில் தவறினால் விடையை அடித்துத் திருத்தாதே. எந்தப் படியில் தவறு புகுந்தது என்று தேடு. அச்சுப்பொறிக்கும் அதுவே மருந்து. நிறம் கெட்டவுடன் படத்தைக் கணினியில் வைத்துச் சிவப்பைக் குறைத்தும் பச்சையைக் கூட்டியும் தாள் தாளாக வீணாக்குவோர் பலர்; அது விடையைத் திருத்தும் வேலை.

முதற்படி, மைத்துளைகள். ஒவ்வொரு பொறியிலும் துளைச் சோதனைக்கென ஒரு கட்டளை உண்டு. அதனை இட்டால் நான்கு நிறக் கோடுகள் அச்சாகும். கோடு விட்டுப் போயிருந்தால் அம்மை வரவில்லை என்பது பொருள். சயான் நின்றால் படம் சிவக்கும். மெஜந்தா நின்றால் பச்சையாகும். மஞ்சள் நின்றால் நீலம் பாரிக்கும். பள்ளி விடுமுறையில் மூடிக் கிடந்த பொறியில் மை உலர்ந்து துளை அடைவது வழக்கம். வாரம் ஒருமுறை ஒரு வண்ணத் தாளேனும் அச்சிட்டு வந்தால் அடைப்பு அரிது.

இவ்விடத்தில் ஓர் உண்மையைச் சற்று நின்று நோக்க வேண்டும். வெளிறிய தோலை அச்சிடப் பெரும்பாலும் மெஜந்தாவும் மஞ்சளுமே போதும். சயான் மிகச் சிறிதே. மாநிறத்திற்கும் கருநிறத்திற்கும் அவ்வாறன்று. மஞ்சளும் மெஜந்தாவும் நிறைந்து, அவற்றோடு சயானும் கருமையும் தக்க அளவில் சேர்ந்தால்தான் அந்நிறம் பிறக்கும். சயான் ஒரு மாற்றுக் குறைந்தால் செங்கல். ஒரு மாற்று மிகுந்தால் சாம்பல் அல்லது பாசி. நான்கு மையும் தம் தம் அளவில் நின்றாலன்றி நம் முகம் வாராது. “கறுப்பாக இருப்பதால் படம் விழவில்லை” என்றாரே மூன்றாமவர், அவர் காரணத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். பொறியின் நேர்மையை அளந்து பார்க்கும் மாற்றுரைகல் அம்முகம். வெளிறிய முகத்தில் ஒளிந்துகொள்ளும் கோளாறு இம்முகத்தில் ஒளிய முடியாது. (ஓவிய வகுப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றே அடிப்படை என்று கற்பித்து வருகின்றோம். மூத்த மாணவர்க்கேனும் சயானையும் மெஜந்தாவையும் அறிமுகப்படுத்தலாம் என்பது என் கருத்து. பழைய மைப்புட்டிகளே அதற்குப் போதிய கருவி.)

துளை சரியாயின், தாள். பளபளப்புத் தாளை இட்டுவிட்டு அமைப்பில் ‘சாதாரணத் தாள்’ என்றே விட்டிருந்தால், பொறி மையின் அளவைத் தவறாகக் கணக்கிடும். கருமை சேறாகும், அல்லது வெளிறும். தாளின் எப்பக்கம் பூச்சுடையது என்பதையும் பார்க்க வேண்டும். மலிவுக்காக வாங்கிய வேற்று நிறுவன மை தீயது என்று சொல்லேன். ஆனால் பொறிக்குள் உள்ள நிறக்குறிப்பு அந்நிறுவனத்தின் சொந்த மைக்கும் சொந்தத் தாளுக்கும் எழுதப்பட்டது. வேறு மையை ஊற்றினால் குறிப்பும் மையும் இருவேறு மொழி பேசும்.

அடுத்தது, பலரும் அறியாத இடம். நிறத்தை மாற்றிக் கணக்கிடும் பொறுப்பைப் பட மென்பொருளும் ஏற்கலாம். பொறியின் இயக்கியும் ஏற்கலாம். இருவரும் ஏற்றால் திருத்தியதையே மறுபடியும் திருத்துவர். முகம் பெரும்பாலும் செங்கத்தரி நிறத்தில் ஊறிவிடும். ஒருவரிடம் மட்டும் பொறுப்பை விட்டு, மற்றவரிடத்தில் ‘நிறத் திருத்தம் வேண்டா’ என்று குறிக்க வேண்டும். இயக்கியில் ‘படத்தை அழகாக்கு’ என்று தானே இயங்கும் அமைப்பு ஒன்றும் இருக்கும். வானம் இன்னும் நீலமாகவும், புல் இன்னும் பச்சையாகவும், தோல் ‘இனிய’ நிறமாகவும் வர வேண்டும் என்று யாரோ எங்கோ முடிவு செய்து வைத்த ஏற்பாடு அது. இனிய தோல் யாருடைய தோல்? அவ்வமைப்பை நீக்கிவிடுவதே நன்று.

திரையையும் நம்ப வேண்டா. பொதுநிறவெளியை வகுத்தோர் மங்கலான அறையில், அடக்கமான ஒளியுடைய திரையை மனத்திற்கொண்டு வகுத்தனர். இன்றைய கைப்பேசித் திரையோ உச்சிவெயிலிலும் படிக்கும்படி அதனினும் பன்மடங்கு ஒளிர்கின்றது. தாளுக்கு என்று ஒளி இல்லை. அறையின் ஒளியைத்தான் அது திருப்பித் தரும். எனவே ‘அச்சு இருட்டாக வருகிறது’ என்னும் முறையீட்டில் பாதிக்குமேல் திரையின் குற்றம். திரையின் ஒளியைத் தணித்து, அருகில் வைத்த வெள்ளைத் தாளின் வெண்மையோடு ஏறத்தாழ ஒக்குமாறு செய்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். அச்சில் வரப்போவது முன்னரே தெரியும். வந்த படத்தையும் மை உலரும் வரை பொறுத்து, சன்னலோரப் பகலொளியில் பார்க்க வேண்டும். கூடத்துக் குழல்விளக்கின் கீழே பார்த்து நிறத்தைத் தீர்ப்பது, இரவில் துணி வாங்குவது போன்றது.

இவையெல்லாம் சரியாயினும் முகம் சரியில்லை என்றால், குற்றம் படத்திலேயே இருக்கின்றது. நம் பள்ளிப் பிள்ளைகள் வெண்சட்டை அணிவோர். கருவியின் ஒளியளவி, சட்டத்திற்குள் உள்ளதையெல்லாம் ஒன்றாகக் கலந்து நடுச்சாம்பல் ஆக்க முனைவது. நாற்பது வெண்சட்டைகளைக் கண்டு மிகுந்த வெளிச்சம் என்று மருண்டு ஒளியைக் குறைக்கும், இருள்வது முகங்கள். பின்புறம் செம்பனைத் தோப்பாயின், பச்சை மிகுந்ததென்று எண்ணி அதனைக் குறைக்க முயன்று முகத்தைக் கத்தரி நிறமாக்கும் கருவிகளும் உண்டு. முகத்தைத் தொட்டு ஒளியை அளந்து, சட்டையை நிழலில் நிறுத்தி எடுத்தல் வேண்டும். கைப்பேசிகள் சிலவற்றில் முகத்தை வெளிறச் செய்யும் ‘அழகு’ அமைப்பு, நாம் கேளாமலே இயங்குகின்றது. இதுவே எனக்குப் பெருங்கவலை. தகட்டின் குருட்டிற்கு அறியாமை காரணம். ஷெர்லி அட்டைக்கு அக்கறையின்மை காரணம். இதற்கோ நம் விருப்பமே காரணம் என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு மணவிழாவிற்குப் படமெடுக்க வந்த நிலையம் ஒன்று, மணமகளின் முகத்தையும் அவள் தாயின் முகத்தையும் ஒரே கோதுமை நிறமாக்கித் தொகுப்பேடு அளித்ததைக் கண்டேன். தாய் முப்பதாண்டுகள் வெயிலில் பால் வெட்டியவள். அவள் மேனியில் ஏறிய அத்தனை காலைப்பொழுதுகளும் அந்த ஏட்டில் இல்லை. பசலை பாய்ந்த படம் அது.

எங்கள் பள்ளியில் இப்பொழுது ஓர் அட்டை வைத்திருக்கின்றோம். காலை பத்து மணிக்கு வகுப்பறைத் தாழ்வாரத்து நிழலில் எடுத்த படம். மூன்று பேர் நிற்கின்றனர்: கருநிறத்துத் தோட்டக்காரர் ஒருவர், மாநிறத்து ஆசிரியை ஒருவர், ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர். மூவரும் வீட்டாரும் இசைந்த பின்னரே எடுத்தது. ஆசிரியையின் கையில் ஒரு மஞ்சள் கிழங்கும் குங்குமச் சிமிழும்; மாணவர் கையில் வாழையிலை ஒன்றும், கடையில் வாங்கிய சாம்பல் அட்டை ஒன்றும். அச்சிட்ட படத்தை அம்மூவரின் பக்கத்தில் பகலொளியில் பிடித்து, முகத்தோடு முகம் ஒக்கும் வரை அமைப்புகளைத் திருத்தினோம். ஒத்த அமைப்பின் எண்களை அட்டையின் பின்புறத்தில் எழுதி, உறையிலிட்டு இருட்டில் வைத்துள்ளோம். மை மாற்றினாலும் தாள் மாற்றினாலும் முதலில் அப்படத்தையே அச்சிட்டு ஒப்பிடுகின்றோம். இந்த வெப்பத்தில் உறைக்குள் இருப்பதும் மெல்ல மாறுமாதலால், பள்ளி தொடங்கும் முதல் வாரத்தில் ஆண்டுதோறும் புதிதாக எடுக்கின்றோம். சென்ற ஆண்டு நின்ற மாணவி இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டாள். இவ்வாண்டு அவ்விடத்தில் அவள் தம்பி நிற்கின்றான். அக்காளைவிட ஒரு மாற்றுக் கருமை கூடியவன். சயானை இரண்டு புள்ளி கூட்ட வேண்டியிருந்தது.